பக்கத்து மேசையின் கல்வி

கிள்ளானை அடுத்த பண்டமாரானில் உட்கார்ந்து தோலில் கைப்பட்டை செய்கிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்பது ஒன்று. இது என்ன தோல் என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் மரியாதை இருக்கும். இரண்டாவதில் ஒரு தயக்கம் இருக்கும். விரல் நுனி பட்டையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. யார் பக்கத்தில் உட்கார்ந்து கற்க நாம் சம்மதிக்கிறோம் என்பதே அந்தக் கேள்வி.

முதலாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கல்வி என்றதும் நம் மனத்தில் எழும் படம் ஒன்றுதான். மேலே குரு, கீழே சீடன், நடுவில் தட்சிணைத் தட்டு. பரதமோ சிலம்பமோ நாதஸ்வரமோ, இன்னாருடைய மாணவர் என்று சொன்னால்தான் ஆளுக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. அந்த முகவரி என்னிடம் இல்லை. என் கையில் இருக்கிற கொஞ்சநஞ்ச வேலை பலபேரிடமிருந்து துண்டு துண்டாக வந்தது. அவர்களில் ஒருவரும் தன்னை என் குரு என்று நினைத்துக்கொண்டதில்லை. பாதிப்பேர் என்னைப்போலவே வாரநாளில் அலுவலகம் போய்விட்டுச் சனி ஞாயிறில் கைவினைச் சந்தையில் மேசை போடுகிறவர்கள். சிலர் என்னைவிட இளையவர்கள். இவர்களிடம் கற்றதற்கு நம்மிடம் சடங்கு எதுவும் கிடையாது. காலில் விழ முடியாது, தட்டு நீட்ட முடியாது. ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எல்லாத் தோலிலும் பூ வராது. செருப்பிலும் சோபாவிலும் கைப்பையிலும் நாம் பார்க்கிற தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிட்டது. சீக்கிரம் பதமாகும், மெத்தென்று இருக்கும், தண்ணீரைத் தாங்கும்; ஆனால் அதில் அச்சை வைத்து அடித்தால் தடம் நிற்காது, எழும்பிவிடும். செதுக்குவதற்கு மரப்பட்டையின் துவர்ப்புச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பேர்போனவை. நம் கரையோரம் நிற்கிற பாக்காவ் என்ற அலையாத்தி மரப்பட்டையிலும் அதே துவர்ப்பு உண்டு. மீனவர்களின் வலை மக்காமல் இருக்கவும் தோல் பதனிடவும் அது பயன்பட்டது. அப்படிப் பதமான மாட்டுத் தோலை இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் கனத்தில், முதுகெலும்பின் போக்கிலேயே பட்டையாக அறுக்கவேண்டும். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்தால் நீளும், கைப்பட்டைக்கு ஆகாது. பிறகு ஈரமாக்கி, பிடி சுழலும் சிறு கத்தியால் கோடு கீறி, கோட்டின் ஒரு பக்கத்தை அச்சுகளால் தட்டித் தாழ்த்தினால் மறுபக்கம் மேலே எழுந்து நிற்கும். இலை, கொடி, மல்லிகை எல்லாம் இந்த வித்தைதான். எதையும் ஒட்டுவதும் இல்லை, வெட்டி எடுப்பதும் இல்லை. பக்கத்தைத் தாழ்த்துவதால் பூ உயர்ந்து தெரிகிறது.

இதில் முதல் தடை ஈரம். தோலை நனைத்து, நிறம் பழையபடி திரும்பும்வரை பொறு என்று புத்தகங்கள் சொல்கின்றன. அவற்றில் பல அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில், குதிரைச் சேணம் செய்கிறவர்கள் எழுதியவை. பண்டமாரானில் துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிற காற்றே பாதி நாள் நனைந்துதான் இருக்கும். இங்கே நிறம் எப்போது திரும்பும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது.

சொன்னவர் ஒரு சீனப் பெரியவர். பண்டமாரான் புதுக்கிராமத்தில் முன்பு காலணி தைத்துக்கொண்டிருந்தவர். அவருடைய அப்பா காலத்தில் அந்த ஊர் கம்பிவேலிக்குள் இருந்தது. மலாயாவின் அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், ஏறத்தாழ 5 லட்சம் பேர் 400க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் கொண்டுவந்து அமர்த்தப்பட்டார்கள், பெரும்பாலானோர் சீனர்கள். அப்படி வந்த ஊர்களில் பண்டமாரானும் ஒன்று. பெரியவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. இரண்டுபேருக்கும் சந்தை மலாய் போதும். என் மேசையில் இருந்த ஈரத்தோலை எடுத்தார், கன்னத்தில் வைத்தார், “துங்கு செகெஜாப், தம்பி” என்றார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். சற்று நேரம் கழித்து அதே தோலை என் கன்னத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது, ஈரம் ஒட்டவில்லை. இப்போது வெட்டு என்று கையைக் காட்டினார். நிறத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஷா ஆலமிலிருந்து வந்து சாவிக்கொத்தும் பணப்பையும் விற்கிற ஒரு மலாய்ப் பெண்மணி உண்டு. நான் அவரைக் காக், அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். ஒருநாள் என் கைப்பட்டைகளில் ஒன்றை வாங்கித் தன் மணிக்கட்டில் போட்டுக்கொண்டு, சந்தை முடிகிறவரை கழற்றவில்லை. சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது கையைக் காட்டினார். விளிம்பு பட்ட இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. “பூவை எதிரில் நிற்கிறவன்தான் பார்ப்பான். போட்டுக்கொள்கிறவனுக்கு விளிம்புதான் தெரியும்” என்றார். பிறகு பழைய ஜீன்ஸ் துணித் துண்டு ஒன்றை எடுத்து, விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சூடேறும்வரை தேய்த்துக் காட்டினார். சொரசொரப்பாக நின்ற நார்கள் படிந்து கண்ணாடிபோல் ஆயின. அன்றிலிருந்து நான் எந்தப் பட்டையையும் முதலில் விளிம்பைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

கத்தி இழுத்து இழுத்து நிற்கிறது என்று நான் சாணைக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பாலிடெக்னிக் மாணவன் சொன்னான்: “அண்ணே, கத்தி மழுங்கல. அழுக்கா இருக்கு, அவ்ளோதான்.” பிஸ்கட் பெட்டி அட்டையில் பச்சை மெருகுப் பசையைத் தடவி, கத்தியை அதில் பின்பக்கமாக இழுத்துக் கொடுத்தான். வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

இந்த மூன்றும் பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூடப் பெறாத விஷயங்கள். ஆனால் வேலை நின்றுபோவது இத்தகைய இடங்களில்தான். பெரிய வித்வான் ஒருவரிடம் போயிருந்தால் பழகப் பழக வரும் என்று சொல்லியிருப்பார். பொய்யில்லை, அவருக்கு அப்படித்தான் வந்தது. எங்கே தடுமாறினோம் என்பது அவருக்கு மறந்து பல வருஷம் ஆகியிருக்கும். போன வருஷம் அதே இடத்தில் தடுமாறியவருக்கு அந்த இடம் இன்னும் நினைவில் இருக்கும். ஆகவே சமமானவர் கற்றுத்தருகிற பாடம் எப்போதும் சின்னதாக இருக்கும், சரியான நேரத்தில் வரும், கையைப் பற்றியதாக இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. என் பாட்டி கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். பால்வெட்டு எளிய வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், பட்டையைச் சீவவேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கூடிவிட்டால் உள்ளே இருக்கிற வளர்படலம் வெட்டுப்பட்டு மரத்தில் புண்ணாகும், பிறகு அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும். புண்ணுக்கும் பாலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் கனம். அதைக் கை எப்படித் தெரிந்துகொண்டது? கங்காணி சொல்லித் தரவில்லை. அவர் பேர் போட்டார், மரம் எண்ணினார், காயம் கண்டால் ஏசினார். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, இழுப்பில் மணிக்கட்டு எப்படித் திரும்பவேண்டும் என்று காட்டியது பக்கத்து நிரையில் வெட்டிய ஒரு பெண். தன் மரங்களை முடிக்கவேண்டிய அவசரத்திலும் அவள் நின்று காட்டினாள் என்று பாட்டி சொல்வார். மேலே நிற்பவர் எண்ணினார். பக்கத்தில் நிற்பவர் காட்டினார். இந்த நாட்டில் நம் முன்னோர் கற்ற தொழிலில் பெரும்பகுதி இப்படிப் பக்கத்து நிரையிலிருந்து வந்ததுதான்.

பக்கத்து ஆளிடம் கற்பதற்குச் சம்பளம் கிடையாது, ஆனால் விலை உண்டு. பாதியில் நிற்கிற வேலையை அவர் கண்ணெதிரே வைக்கவேண்டும். இன்று நாம் கைப்பேசியில் காட்டுவதெல்லாம் முடிந்த வேலை. நல்ல வெளிச்சம் விழுகிற ஜன்னல் ஓரத்தில் வைத்து, குறையைத் திருப்பி வைத்து, படம் எடுத்துப் போடுகிறோம். பாராட்டு வருகிறது. பாராட்டிலிருந்து எதையும் கற்க முடியாது. அரைகுறையாக நிற்பதை எடுத்துப்போய், இது ஏன் இப்படி வருகிறது என்று கேட்டால்தான் எதிரில் இருப்பவரின் கை அசையும்.

காந்தி செருப்புத் தைத்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் யாரிடம் கற்றார் என்பது அவ்வளவு தெரியாது. 1910இல் ஜொகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி, 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் பலர் தமிழர்கள். நிலத்தைக் கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர், வசதியான யூதர். பண்ணையில் செருப்புத் தைக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டபோது காலன்பாக்தான் ட்ராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குப் போய் உட்கார்ந்து கற்றுவந்தார். அவரிடம் காந்தி கற்றார். காந்தியிடம் மற்றவர்கள் கற்றார்கள். கட்டடக் கலைஞர், பாரிஸ்டர், பண்ணைப் பையன் என்று வித்தை கைமாறிக்கொண்டே போயிற்று. யாரும் யாருக்கும் குருநாதர் ஆகவில்லை. காந்தி சிறையில் தைத்த ஒரு ஜோடி, அவரைச் சிறையில் வைத்த தென்னாப்பிரிக்க அமைச்சர் ஸ்மட்ஸுக்கே 1914இல் பரிசாகப் போனது. 1939இல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஸ்மட்ஸ் அதைத் திருப்பி அனுப்பினார்.

அதே பண்ணையில் காந்தி தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது போப் எழுதிய பாடநூல் அளவுத் தமிழ். பிள்ளைகள் வீட்டில் பேசிய தமிழ் அதைவிட வளமானது. தன் அறியாமையை மாணவர்களிடம் ஒருபோதும் மறைக்க முயலவில்லை, அதனால் வகுப்பு நன்றாகவே நடந்தது என்று பிற்பாடு சுயசரிதையில் எழுதினார். செருப்பும் தமிழும் அங்கே ஒரே முறையில்தான் கற்கப்பட்டன. தெரியாததை மறைக்காத இடத்தில் எல்லாரும் கொஞ்சம் ஆசிரியர், எல்லாரும் கொஞ்சம் மாணவர்.

இதைக் கேட்டுவிட்டுச் சந்தையில் மேசை போடும் நண்பர் ஒருவர் சிரித்தார். பண்ணையில் போட்டி இல்லை, இங்கே இருக்கிறது என்றார். நியாயம்தான். இன்று நான் சொல்லித்தருகிற முறையில் அடுத்த வாரம் பக்கத்து மேசையில் அதே கைப்பட்டை 10 வெள்ளி குறைவாக நிற்கலாம். நான் போய் நின்றதும் செய்துகொண்டிருக்கும் வேலையைக் குப்புறத் திருப்பி வைத்தவர்களும் உண்டு. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. எனக்கு இது உபரி வருமானம். அவர்களில் சிலருக்கு இதுதான் அரிசி. உபரிக்குச் செய்கிறவன் அரிசிக்குச் செய்கிறவரிடம் போய், எல்லாவற்றையும் பகிரலாமே என்று உபதேசம் செய்வது அழகில்லை. கேட்பவன்தான் எல்லை அறிந்து கேட்கவேண்டும். நானாக வைத்துக்கொண்ட எல்லை ஒன்று: கைப்பழக்கத்தைக் கேட்கலாம், உருவத்தை எடுக்கக் கூடாது. கன்னத்தில் வைத்துப் பார்ப்பதும் விளிம்பைத் தேய்ப்பதும் எல்லாருக்கும் பொது. ஒருவர் வரைந்த கொடி அவருடையது.

இந்த எல்லை ஆட்களுக்கு மட்டுமல்ல, சமூகங்களுக்கும் பொருந்தும். பண்டமாரானிலிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேரித் தீவு. அங்கே வாழும் மா மெரி மக்கள் சதுப்புநில மரத்தில் மூதாதை ஆவிகளின் முகங்களைச் செதுக்குகிறார்கள். பெண்கள் தாழை ஓலையில் பின்னுகிறார்கள். அவர்களுடைய முகமூடிகளைத் தோலில் செதுக்கினால் சுற்றுலாப் பயணிகள் கொத்திக்கொண்டு போவார்கள் என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. விற்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முகம் ஒரு குடியின் மூதாதை. உளியை எந்தக் கோணத்தில் வைத்தால் நார் பிளக்காது என்று அவர்களிடம் கேட்கலாம், கேட்டேன். முகத்தைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

2025 ஜூனில் மிலான் நகரத்து ஆடவர் உடைக் காட்சியில் பிராடா நிறுவனம் ஒரு தோல் செருப்பைக் காட்டியது. இந்தியாவில் அதைப் பார்த்த யாருக்கும் அது கோலாப்பூர்ச் செருப்பு என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மகாராஷ்டிரம், கர்நாடகம் இரண்டுக்கும் சேர்த்து 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. தோல் பதனிடுவதிலிருந்து வார் பின்னுவதுவரை தலித் குடும்பங்கள் தலைமுறைகளாகச் செய்துவருவது. மேடையில் அவர்கள் பெயர் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. கண்டனம் எழுந்த பிறகுதான் இந்தியப் பாரம்பரியக் காலணியிலிருந்து பிறந்த வடிவம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. கற்பதற்கும் எடுப்பதற்கும் நடுவில் நிற்பது சில சமயம் ஒரு பெயர்தான். யாரிடமிருந்து வந்தது என்று கேட்கப்படுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் அது கல்வி. கேட்ட பிறகு சொன்னால் அது விளக்கம்.

இனி இரண்டாவது கேள்வி. இது என்ன தோல்?

மலாய்க்காரர்கள் கேட்டால் எனக்குப் புரியும். பன்றித் தோல் அல்ல என்று தெரிந்தால் போதும், போட்டுக்கொள்வார்கள். நம் ஆட்கள் கேட்கும்போது விஷயம் வேறு. மாட்டுத் தோல் என்றதும் சிலர் பட்டையை மெதுவாகக் கீழே வைக்கிறார்கள். அவர்களுடைய இடுப்பு வாரும் காரின் இருக்கையும் என்ன தோல் என்று நான் கேட்பதில்லை. பக்தியால் வைப்பவர்களை மதிக்கிறேன். ஆனால் எல்லாத் தயக்கமும் பக்தி இல்லை. என் சொந்தத்தில் ஒரு பெரியம்மா நேராகவே கேட்டார்: “ஏண்டா, படிச்சிட்டு செருப்பு தைக்கிறவன் வேலையா பாக்கிற?” அவர் கவலை மாட்டைப் பற்றியது அல்ல.

கடலைத் தாண்டினால் சாதி கழன்றுவிடும் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நாகப்பட்டினத்திலிருந்து அப்போதைய போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்த ரஜூலா கப்பலில் அதற்கும் ஒரு டிக்கெட் இருந்தது. தோட்டத்து லயத்தில் அது குடியேறியது. இன்றும் கல்யாணப் பேச்சில் தாழ்ந்த குரலில் எட்டிப்பார்க்கிறது. செத்த மாட்டை அகற்றுவது, தோலுரிப்பது, பதனிடுவது, செருப்புத் தைப்பது, பறைக்குத் தோல் கட்டுவது எல்லாவற்றையும் சில பிறப்புகளின்மேல் சுமத்திவிட்டு, அந்தக் கைகளையே தீட்டு என்ற சமூகம் நம்முடையது. அந்தக் கைகள் செய்ததை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டோம். மிருதங்கத்தில் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் உண்டு. அது கோயிலுக்குள்ளும் சபாவுக்குள்ளும் போயிற்று.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பெயரைத் தெரியாத கர்நாடக இசை ரசிகர் இருக்கமாட்டார். அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த தஞ்சாவூர்ப் பர்லாந்துவின் பெயர் அந்த அளவுக்குத் தெரியுமா? பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூல், பர்லாந்துவின் குடும்பத்தைப் போன்ற மிருதங்கக் கைவினைஞர்களை, பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களை, பெயர் சொல்லி முன்னால் நிறுத்தியது. வாசிப்பவர் தேடிய நாதத்தைத் தோலில் கண்டுபிடித்துத் தந்தவர்கள் இவர்கள். எந்த மாட்டின் தோல், எந்த இடத்துத் தோல், எவ்வளவு இழுப்பு என்று அவர்களுக்குத் தெரிந்தது பெரிய அறிவு. அதை அறிவு என்று சொல்ல நமக்கு இத்தனை காலம் ஆயிற்று. தோலில் பூ எழும்பும் வித்தையை மேலே சொன்னேன்: பக்கத்தில் இருப்பதைத் தட்டித் தாழ்த்தினால் போதும். மேடையின் உயரமும் பல இடங்களில் அப்படித்தான் வந்திருக்கிறது.

இங்கே கிள்ளானில், ஜாலான் தெங்கு கிளானா பக்கம், ஒரு கடை அஞ்சடியில் ஒரு தமிழ்ப் பெரியவர் குடை விரித்து உட்கார்ந்து காலணி தைக்கிறார். உள்பக்கம் மெல்லிய ஆட்டுத்தோல் வைத்து இரண்டு அடுக்காகத் தைக்கிற கைப்பட்டையில் என் தையல் நெளிந்துகொண்டே இருந்தது. காணொளி பார்த்துப் பார்த்துச் சலித்தபின் அவரிடம் போய் நின்றேன். “ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று பட்டையை நீட்டினேன். கையில் வாங்காமல் முதலில் என்னைப் பார்த்தார். “உக்காருங்க தம்பி” என்று ஒரு பெட்டியைக் காட்டினார்.

ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகவேண்டும். இயந்திரத் தையலில் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும்; இதில் ஒரு பக்கம் தேய்ந்து போனாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். இவ்வளவும் எனக்கு ஏட்டில் தெரியும். எனக்குத் தெரியாதது, குத்தூசியின் முனை எப்போதும் ஒரே சாய்வில் இறங்கவேண்டும் என்பதும், முதலில் எந்தக் கை ஊசியைத் தள்ளியதோ அந்தக் கையே கடைசிவரை முதலில் தள்ளவேண்டும் என்பதும். அவர் இதை வார்த்தையில் சொல்லவில்லை. என் இடது கையைப் பிடித்து இரண்டு தையல் போட்டார். மூன்றாவது நேராக விழுந்தது.

பிறகு கேட்டார்: “நல்ல வேலைதானே பாக்கிறீங்க தம்பி, இதை எதுக்குக் கத்துக்கிறீங்க?”

கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவருக்கு இந்தத் தொழில் தேர்வு செய்து வந்தது அல்ல. நான் தேர்வு செய்தேன், நாளைக்கே விட்டும் விடலாம். அவர் கற்றுத்தந்த அதே தையல் என் மேசையில் கைவினை என்ற அட்டையோடு 70 வெள்ளிக்கு நிற்கிறது. அவருடைய கையில் அடிப்பாகம் பிரிந்த காலணிக்குச் சில வெள்ளியோடு முடிந்துவிடுகிறது. ஒரே நூல், ஒரே மெழுகு. வித்தியாசம் முழுக்க எங்கே உட்கார்ந்து தைக்கிறோம், யாராகப் பிறந்து தைக்கிறோம் என்பதில்தான். சந்தையில் ஒரு மேசை போடலாமே, வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். “அங்க வந்து நான் என்ன செய்ய? செருப்பு அறுந்தவன் இங்கதான் வருவான்” என்றார். என் யோசனையில் இருந்த அரைகுறைக் கருணையை அந்தப் பதில் நேர்த்தியாக வெட்டிப்போட்டது. அவருக்கு மேடை தேவைப்படவில்லை. அவரைத் தேடிவருகிறவர்களுக்கு அவர் தேவைப்பட்டார்.

அப்படியானால் நான் அவருக்குப் பட்ட கடனை எப்படித் தீர்ப்பது? முழுக்கத் தீராது என்று வைத்துக்கொண்டு, முடிந்ததைச் செய்கிறேன். கற்கப்போன நேரத்துக்கு அவர் இழந்த கூலியைக் கொடுத்தேன். வாங்க மறுத்தபோது, பாடத்துக்கு இல்லை, உங்கள் நேரத்துக்கு என்றேன், வாங்கிக்கொண்டார். இரண்டடுக்குக் கைப்பட்டைகளோடு நான் வைக்கும் அட்டையில், இந்தத் தையல் கிள்ளான் அஞ்சடியில் காலணி தைக்கும் ஒருவரிடம் கற்றது என்று எழுதுகிறேன். அதைப் படித்துவிட்டுப் பட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விற்பனை எனக்கு வேண்டாம். படித்துவிட்டு, அவர் எங்கே உட்கார்வார் என்று விசாரித்துத் தங்கள் காலணியை எடுத்துக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள்.

சமமானவர்களிடம் கற்பது இனிமையானது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யார் சமம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறோம். மலாய்ப் பெண்மணியும் சீனப் பெரியவரும் பாலிடெக்னிக் பையனும் எனக்குச் சமம் என்று ஏற்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. பல இனம் வாழும் நாட்டில் வளர்ந்த நமக்கு அது பழக்கம்; பெருமையும்கூட. நம் இனத்துக்குள்ளேயே, நம் மொழியே பேசுகிற ஒருவர் முன்னால் ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்காரும்போதுதான் நம் சமத்துவத்தின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிகிறது.

கைத்தொழிலைப் போற்றுகிறோம் என்று மேடையில் பேச யாரும் தயங்குவதில்லை. பொன்னாடையும் போர்த்துவோம். கடினமானது சந்தேகம் கேட்பது. கேட்ட கணத்தில் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறோம், உங்களுக்குத் தெரியும் என்றும் ஒப்புக்கொள்கிறோம், இரண்டையும் அவர் முகத்துக்கு நேராக. மரியாதைக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை. பொன்னாடை போர்த்தும்போது நாம் நின்றுகொண்டிருப்போம். சந்தேகம் கேட்க உட்காரவேண்டும்.

ஒழுங்காகப் படிக்காவிட்டால் செருப்புத் தைக்கத்தான் போவாய் என்று பிள்ளைகளை மிரட்டுகிற வீடுகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தொழிலையும், அதைச் செய்கிறவரையும், அவரிடம் இருக்கிற அறிவையும் சேர்த்துப் பிள்ளையின் மனத்திலிருந்து அப்புறப்படுத்திவிடுகிறோம். அடுத்த முறை பிள்ளையின் பள்ளிக் காலணி பிரிந்தால் புதிது வாங்கும் முன்பு அஞ்சடிக்கு அழைத்துப்போங்கள். நீங்கள் பேசவேண்டாம். இந்த முடிச்சை எப்படிப் போட்டீர்கள் என்று பிள்ளையே கேட்கட்டும்.